கூடம் கோணலா?

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆசிரியத் தொழிலில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். அந்த ஆண்டுகளில் இப்பழமொழியை வகுப்பறையில் எத்தனை முறை எடுத்தாண்டிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. மதிப்பெண் குறைந்தால் வினாத்தாளைப் பழிக்கும் மாணவனுக்கும், பந்து கைநழுவினால் வெயிலைப் பழிக்கும் மாணவனுக்கும் இதுவே என் விடை. சென்ற கோடை விடுமுறையில் என் பேரனிடமும் இதனைச் சொன்னேன். சொன்ன பிறகுதான், இது எல்லா இடத்திலும் பொருந்துவதன்று என்பதை நான் கற்க நேர்ந்தது. அந்தப் பாடத்தையே இன்று மாணவர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அன்று அவன் திரையின் முன் அமர்ந்து கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தான். மூன்று சுற்றுக்கள் கொண்ட பந்தயம். இறுதிச் சுற்றின் கடைசி வளைவு வரையில் அவன் காரே முன்னால் சென்றது. அதுவரை எங்கோ பின்னால் கிடந்த சிவப்புக் கார் ஒன்று அம்பெனப் பாய்ந்து வந்து, எல்லைக் கோட்டருகே அவனை முந்திவிட்டது. "தாத்தா, இந்த விளையாட்டு ஏமாற்றுகிறது" என்றான் அவன். நான் பழமொழியைச் சொன்னேன். அவன் மறுமொழி கூறவில்லை. எழுந்து போனவன், இரண்டு நாட்கள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அவன் முகத்தில் நான் கண்டது சோம்பேறியின் சாக்கு அன்று. நீதி கிடைக்காதவனின் வருத்தம் அது. ஆகவே, அந்த விளையாட்டு எப்படி இயங்குகிறது என்பதை நானே அறிந்துகொள்ள முற்பட்டேன்.

இவ்வகைப் பந்தய விளையாட்டு வீட்டில் பிறந்ததன்று. காசு போட்டு ஆடும் பொறிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்த விளையாட்டுக் கூடங்களில் பிறந்தது. இக்கூடங்களையே ஆங்கிலத்தில் ஆர்க்கேட் என்பர். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 'கிரான் டிராக் 10' என்னும் பொறியை வெளியிட்டது. மேலிருந்து பார்ப்பது போலப் பந்தயப் பாதை முழுவதும் திரையில் தெரியும். ஆடுபவர் முன்னால் ஸ்டியரிங் சக்கரம் ஒன்றும், கியர்த் தண்டு ஒன்றும், காலால் மிதிக்கும் மிதிகள் இரண்டும் இருந்தன. போட்டிக்கு வேறு கார் இல்லை, கடிகாரமே எதிரி.

1976ஆம் ஆண்டு அதே நிறுவனம் வெளியிட்ட 'நைட் டிரைவர்', ஆடுபவரைக் காருக்குள்ளேயே அமர்த்திவிட்டது. அதில் காட்டப்பட்டது இரவு நேரச் சாலை. கரிய திரையின் இருபுறமும் வெண்மையான சிறு கம்பங்கள் விரைந்து வந்து மறையும், அவ்வளவே. சாலையையோ மரங்களையோ வரையும் ஆற்றல் அப்பொறிக்கு இல்லை. அந்தக் குறையை மறைப்பதற்கு இரவைத் துணைக்கு அழைத்தது எத்துணை அறிவுடைமை! முன்னால் தெரிந்த கார்கூடத் திரையின்மேல் பொருத்திய வெறும் படந்தான்.

1982இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 'போல் பொசிஷன்' என்னும் விளையாட்டைக் கொண்டுவந்தது. ஜப்பானில் உண்மையாகவே உள்ள ஃபியூஜி பந்தயப் பாதையைப் பின்பற்றி அதன் பாதை அமைந்தது. முதலில் ஒரு சுற்றைக் குறித்த நேரத்திற்குள் ஓட்டித் தகுதி பெற வேண்டும். அதன் பிறகே பந்தயம். 1986இல் சேகா நிறுவனத்துக்காக யூ சுசுகி என்பவர் 'அவுட் ரன்' என்னும் விளையாட்டைப் படைத்தார். அதில் வளைந்து வளைந்து திரும்பும் பந்தயப் பாதை இல்லை. கடற்கரையில் தொடங்கி எங்கோ செல்லும் நெடுஞ்சாலை. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் சாலை இரண்டாகப் பிரியும். முதற்கட்டத்தில் ஒரு சாலை, அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று, நான்கு, ஐந்து. ஆக மொத்தம் பதினைந்து சாலைகள். ஆனால் ஒரு பயணத்தில் காணக்கூடியவை ஐந்தே. மற்றவற்றைக் காண வேண்டுமானால் மறுபடியும் வர வேண்டும். வண்டி புறப்படுமுன் பயணத்திற்கான இசையையும் நாமே தேர்ந்துகொள்ளலாம்.

இவற்றின் கவர்ச்சி எங்கே இருக்கிறது? முதலாவது, இவற்றை ஆடக் கற்றுக்கொள்ள வேண்டுவதில்லை. சதுரங்கம் ஆட விதிகள் தெரிய வேண்டும். சக்கரத்தை இடப்புறம் திருப்பினால் வண்டி இடப்புறம் செல்லும் என்பதை ஐந்து வயதுக் குழந்தையும் அறியும்.

இரண்டாவது, விரைவு என்னும் மாயை. அக்காலப் பொறிகளில் கார் உண்மையில் நகர்வதில்லை. சாலைதான் நம்மை நோக்கி வருகிறது. திரையில் சாலையைக் கிடைக்கோடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கோட்டையும் சிறிது சிறிதாகப் பக்கவாட்டில் நகர்த்தினால் வளைவு தோன்றும். தொலைவில் உள்ள பனைமரம் ஒரு சிறு தட்டைப் படம். அதனைப் படிப்படியாகப் பெரிதாக்கினால், மரம் நம்மை நோக்கிப் பாய்ந்து வருவதாகக் கண் நம்பிவிடும். வளைவில் விரைந்து சென்றால் வண்டி வெளிப்புறமாக ஒதுங்குவதும் அவ்வாறே. வளைவு எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று பார்த்து, அதற்கேற்பப் பொறியே வண்டியைத் தள்ளுகிறது. ரயில் பெட்டியில் அமர்ந்து மரங்கள் ஓடுவதைப் பார்த்த எவருக்கும் இம்மாயை புதிதன்று.

மூன்றாவது, இவை தவற்றை மன்னிப்பவை. போல் பொசிஷனில் அறிவிப்புப் பலகையில் மோதினால் கார் வெடித்துச் சிதறும். சில நொடிகளில் புதிய கார் வந்து நிற்கும். 1993இல் நாம்கோ வெளியிட்ட 'ரிட்ஜ் ரேசர்' என்னும் விளையாட்டில், வளைவில் வண்டியைச் சறுக்கவிட்டே அழகாகத் திரும்பலாம். உண்மைச் சாலையில் அவ்வாறு செய்பவன் மருத்துவமனைக்குத்தான் செல்வான். உண்மையான வண்டியின் இயல்பை உள்ளபடி காட்ட முயலும் விளையாட்டுக்களும் உண்டு. 1997இல் வந்த 'கிரான் டூரிஸ்மோ' அத்தகையது. அதில் ஓட்டுநர் உரிமத் தேர்வுகளில் வென்றால்தான் பெரிய பந்தயங்களில் நுழையலாம். ஆர்க்கேட் வகை விளையாட்டோ பயிற்சி கேட்பதில்லை. வந்தவுடன் அது உங்களை அரசனாக்கிவிடுகிறது.

கவர்ச்சி இதுவாயின், கசப்பு எங்கிருந்து வருகிறது? இரண்டும் ஒரே வேரிலிருந்தே வருகின்றன.

கூடத்தில் பொறி நிற்கும் இடத்துக்கு வாடகை உண்டு. ஜப்பானில் நூறு யென் நாணயமும், அமெரிக்காவில் கால் டாலர் நாணயமும் போட்டு அதனை ஆடினர். ஒரே நாணயத்திற்கு ஒருவர் ஒரு மணி நேரம் ஆடிக்கொண்டிருந்தால், வரிசையில் நிற்பவர் போய்விடுவர். பொறியை வாங்கியவர் கடையை மூட வேண்டியதுதான். ஆகவே ஆட்டம் சில நிமிடங்களில் முடிய வேண்டும். முடியும்போது இன்னொரு நாணயம் போடத் தோன்றவும் வேண்டும். இதற்காகவே கடிகாரம் வந்தது. குறித்த இடத்தை நேரத்திற்குள் எட்டினால் மேலும் சில நொடிகள் பரிசு. எட்டாவிட்டால் ஆட்டம் முடிந்தது. எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கும்போது நேரம் தீர்ந்துவிட்டால் யாருக்குத்தான் மறுபடி முயலத் தோன்றாது?

இதில் ஏமாற்று இல்லை. கடிகாரம் கண்ணுக்கு எதிரே ஓடுகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. இப்பொறிகள் பலவற்றின் உள்ளே சிறு சிறு ஸ்விட்சுகள் இருந்தன. கூடத்தின் உரிமையாளர் பொறியைத் திறந்து, தரும் நேரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். எதிர்வரும் கார்களின் தொல்லையையும் மாற்றலாம். ஒரு கூடத்தில் வென்ற சிறுவன், அதே விளையாட்டில் அடுத்த தெருக் கூடத்தில் தோற்கக்கூடும். அவன் தன் கையைத்தான் நொந்துகொள்வான். அங்கே உண்மையாகவே கூடந்தான் கோணல்!

என் பேரனின் சிவப்புக் கார் வேறொரு வகையைச் சேர்ந்தது. ஆடுபவர் முந்திச் சென்றால் பின்னால் வரும் கார்களின் வேகத்தைக் கூட்டுவதும், ஆடுபவர் பின்தங்கினால் முன்னால் செல்லும் கார்களின் வேகத்தைக் குறைப்பதும் பல பந்தய விளையாட்டுக்களில் உள்ள ஏற்பாடாகும். எல்லாக் கார்களையும் ஒரு ரப்பர்ப் பட்டையால் கட்டியது போல் இருப்பதால், ஆங்கிலத்தில் அதற்கு ரப்பர்ப் பட்டை என்றே பெயர். நிண்டெண்டோ நிறுவனம் 1992இல் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ கார்ட்' முதலிய விளையாட்டுக்களில் இதனைக் காணலாம். அவ்வரிசையில் 1996இல் வந்த விளையாட்டில், முதலிடத்தில் செல்பவரைத் தேடிச் சென்று தாக்கும் ஆமையோடு ஒன்றே சேர்க்கப்பட்டது.

இதனைச் செய்தவர்கள் தீயவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். திறமையற்றவன் முதற்சுற்றிலேயே தனியாகப் பின்தங்கினால் அவனுக்குப் பந்தயம் இல்லை. திறமையுள்ளவன் தனியாக முன்சென்றால் அவனுக்கும் பந்தயம் இல்லை. இருவருக்கும் கடைசி வளைவு வரை நெஞ்சு படபடக்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். அந்த நோக்கம் நல்லதே. ஆயினும், இரண்டு சுற்றுக்கள் பிழையின்றி ஓட்டிய உழைப்பைக் கடைசி நொடியில் ஒரு மறைந்த கை அழித்துவிட்டால், உழைத்தவன் மனம் கசக்காதா?

இவற்றை அறிந்த பின்னர் நான் பேரனை அழைத்தேன். "நீ சொன்னது உண்மையா என்று சோதித்துப் பார்ப்போம்" என்றேன். ஒரு குறிப்பேடு எடுத்துக்கொண்டோம். முதற்பந்தயத்தில் வேண்டுமென்றே மெல்ல ஓட்டச் சொன்னேன். எதிரிகள் கண்ணுக்கெட்டாத தூரம் போயிருக்க வேண்டும். போகவில்லை, சற்று முன்னால்தான் சென்றுகொண்டிருந்தனர். அடுத்த பந்தயத்தில் அவன் தன் முழுத் திறமையையும் காட்டினான். எதிரிகள் அதே அளவு பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தனர். சிவப்புக் கார் ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொண்ட நேரத்தை இரண்டு பந்தயங்களிலும் குறித்து ஒப்பிட்டோம். ஒரே கார், ஒரே பாதை, நேரமோ வெவ்வேறு! பையன் துள்ளிக் குதித்தான். தோற்றபோது இல்லாத மகிழ்ச்சி, தோல்வியின் காரணம் தெரிந்தபோது வந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் வியப்பு. அவன் அந்த விளையாட்டைக் கைவிடவில்லை. "அப்படியானால் கடைசிச் சுற்று வரையில் முந்தவே கூடாது, தாத்தா, இரண்டாவதாகவே போய்க் கடைசியில் முந்த வேண்டும்" என்றான். சில நாட்களில் வென்றும் விட்டான். அவன் தன் தவறுகளையும் அப்போதுதான் பார்க்கத் தொடங்கினான். மூன்றாவது வளைவில் பிரேக்கைத் தாமதமாக அழுத்துவது தன் பிழை என்று தானே கண்டுகொண்டான். பொறியின் குற்றம் எது, தன் குற்றம் எது என்று பிரித்தறிந்தவனுக்கே தன் குற்றத்தைத் திருத்த முடிகிறது.

அன்றிரவு எனக்கு வேறொரு சிறுவனின் நினைவு வந்தது. நான் ஆசிரியனாகச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் அவன் என் கணித வகுப்பில் இருந்தான். விடைகளைச் சரியாகவே எழுதுவான், வழிமுறைகளை எழுதமாட்டான். வழிமுறைக்குத் தனி மதிப்பெண் என்பதால் ஒவ்வொரு தேர்விலும் அவனுக்கு மதிப்பெண் குறையும். அந்த விதியை அவனுக்கு நான் விளக்கிச் சொல்லவில்லை. தெரிந்திருக்கும் என்று எண்ணிவிட்டேன். "விடை சரிதானே, சார்?" என்று ஒருநாள் கேட்டான். வகுப்பு முழுவதும் சிரிக்க, இதே பழமொழியை அவனுக்குச் சொன்னேன். அதற்குப் பின் அவன் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. தனக்குக் கணிதம் வராது என்று முடிவு செய்துகொண்டு, மேல்வகுப்பில் வேறு பாடம் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்குக் கணிதம் நன்றாகவே வந்தது. என் கூடந்தான் கோணல்.

மாணவர்களே, பந்தய விளையாட்டில் தோற்பதால் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை. ஆனால் தோல்வி எங்கே வந்தாலும், அதனை இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை இங்கேயே பயிலலாம். என் கை தவறியதா, கூடம் கோணலா என்று கேளுங்கள். கேட்டதோடு நில்லாமல் குறிப்பேட்டை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். கை தவறியிருந்தால் பயிலுங்கள். கூடம் கோணலாயின், கோணலை அறிந்து ஆடுங்கள். அன்றி, இந்தக் கூடம் வேண்டாம் என்று எழுந்து வாருங்கள். இரண்டுமே அறிவுடைமைதான். சோதித்துப் பாராமல் கூடத்தைப் பழிப்பதும் பிழை. சோதித்துப் பாராமல் தன்னையே பழித்துக்கொள்வது அதனினும் பெரிய பிழை.

அந்தப் பழமொழியை நான் இப்போதும் கைவிட்டுவிடவில்லை. ஆனால் அதைச் சொல்லுமுன், கூடத்தை ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்கிறேன்.