வைத்தியர் கேளாத கேள்விகள்

பதுளை நகரிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குச் செல்லும் பாதை மலைச்சரிவிலே வளைந்து வளைந்து மேலேறுவது. இருமருங்கிலும் தேயிலை, இடையிடையே லயங்கள். கிளினிக் நாட்களில் நண்பகலுக்குப் பின் மலையேறும் பஸ் வண்டிக்குள்ளே பார்த்தால், பெண்கள் பலருடைய மடியில் உறையிட்ட ஒரு கொப்பியும், மாத்திரைகள் அடங்கிய சிறு பைகளும் இருக்கக் காணலாம். அக்கொப்பியிலே வைத்தியர் எழுதியிருப்பது ஆங்கிலம். மருந்து கொடுத்த இடத்தில் விளக்கம் சொல்லப்பட்டது பெரும்பாலும் சிங்களத்தில். பெற்றுக்கொண்டு போகிறவளுக்குத் தெரிந்ததோ தமிழ். மூன்று மொழிகளையும் கடந்து அந்த மருந்து லயத்துக் காம்பராவிலே உரிய வேளையில், உரிய அளவில் உட்கொள்ளப்படுமானால், அதை வைத்திய சாத்திரத்தின் வெற்றி என்பதிலும் பார்க்க அந்தப் பெண்ணின் கெட்டித்தனம் என்றே நாம் சொல்லுவோம்.

வைத்தியரை நாம் குறை கூறவில்லை. வாசலுக்கு வெளியே நீண்டு நிற்கும் வரிசையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறவர் அவர். எங்கே நோகிறது, எத்தனை நாளாக நோகிறது என்று கேட்க அவருக்கு நேரமுண்டு. வீட்டில் யார் சமைக்கிறார்கள், நாளைக்கு வேலைக்குப் போகாவிட்டால் என்ன ஆகும், கைக்குழந்தையை யாரிடம் விட்டு வந்தாய் என்றெல்லாம் கேட்க நேரமில்லை. ஆனால் நோய் தீருவதும் தீராததும் பல சமயங்களில் இந்தக் கேள்விகளின் விடையிலேதான் தங்கியிருக்கிறது. இவற்றைக் கேட்பதற்கென்றே ஆஸ்பத்திரியில் ஒருவர் இருக்க வேண்டுமென்று மேனாட்டார் கண்டுகொண்டு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

1895ஆம் ஆண்டில் லண்டன் றோயல் ஃபிறீ ஆஸ்பத்திரியிலே மேரி ஸ்டுவர்ட் என்னும் மாது இப்பணிக்கு அமர்த்தப்பட்டார். அவரை அமர்த்திய நோக்கம் அத்துணை உயர்ந்ததன்று. பணம் படைத்தவர்களும் ஏழைகளைப் போல வந்து இலவச வைத்தியம் பெற்றுச் செல்கிறார்களோ என்ற ஐயத்தில், அவர்களைப் பிடித்துக் கொடுப்பதே அவருக்கு இடப்பட்ட வேலை. முதலில் மூன்று மாதத்துக்கே நியமனம். ஆனால் விசாரிக்கத் தொடங்கியவர் கண்டதோ வேறு: ஏமாற்றுகிறவர் சிலரே, மருந்தைப் பெற்றும் அதனாற் பயனடைய முடியாத வறுமையில் வாடுகிறவர் பலர். காவற்காரியாகப் போனவர் துணைவியானார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1905இல், அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே டாக்டர் றிச்சர்ட் கபொட் என்பவர் மசச்சூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில் இதே போன்றதொரு ஏற்பாட்டைத் தொடங்கினார். நிருவாகம் பணம் தர முன்வராதபடியால் தம் கைப்பணத்தைச் செலவிட்டார். அவர் அமர்த்திய முதற் பணியாளர் கார்னெட் பெல்ற்றன் என்னும் தாதி. காசநோயாளரின் குடும்பங்களைக் கவனித்து வந்த அவர், சில மாதங்களுக்குள் தாமே அந்நோய்க்கு ஆளாகி விலக நேர்ந்தது. அவருக்குப் பின் வந்த ஐடா கனன் அம்மையார் இப்பணியை ஒரு தனித் தொழிலாகவே வளர்த்தெடுத்தார்.

நம் அயலிலே, பம்பாய் ஜே. ஜே. ஆஸ்பத்திரியில் 1946இல் மருத்துவ சமூக சேவகர் பதவி ஏற்பட்டது. 1952ஆம் ஆண்டு ஒரு சுவையான ஒற்றுமையை உடையது. அவ்வாண்டிலேதான் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சமூகப் பணிக் கல்லூரியை நிறுவினார். அவ்வாண்டிலேதான் கொழும்பிலும் சமூக சேவைப் பயிற்சிக்கென ஒரு நிலையம் தோன்றியது. இன்று தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாக விளங்குவது அதுவே.

கொழும்பிலே கற்றது ஸ்பிரிங்வெளியிலே என்ன செய்யும்? இங்குள்ள வாழ்க்கையை அறிந்தால் அல்லவோ அது விளங்கும்!

தோட்டத்து மக்களுக்கு வைத்திய வசதி அளிக்க வேண்டுமென்று 1872இலேயே சட்டம் இயற்றப்பட்டது. அதன் வழியே வந்தவை தோட்டத்து மருந்துச்சாலையும் டிஸ்பென்சரும் மருத்துவிச்சியும். தோட்டத்தின் சுகாதாரம் தோட்டத்துக்குள்ளேயே அடங்கிக் கிடந்த காலம் மிக நீண்டது. அதன் பயனாக, நகரத்துப் பெரியாஸ்பத்திரி இம்மக்களுக்கு அந்நிய தேசம்போல ஆயிற்று. அங்கே யாரை என்ன சொல்லி அணுகுவது, எந்த யன்னலிலே எந்தத் துண்டைக் கொடுப்பது என்பதெல்லாம் ஊர் வழக்கம்போலத் தலைமுறை தலைமுறையாகப் பழகி வருவன. பழக்கம் இல்லாதவர் தயங்கி நிற்கிறார். தயங்கி நிற்பவரை யாரும் அழைப்பதில்லை.

அடுத்தது, 'பெயர்'. தோட்டத்திலே ஒரு நாள் வேலையை ஒரு பெயர் என்பது வழக்கு. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பெயர் போயிற்று. பஸ் கட்டணம், வழியிலே ஒரு தேநீர், துணைக்கு வந்த மகளின் பெயர் என்று கூட்டிப் பார்த்தால் இலவச வைத்தியம் எவ்வளவு இலவசமானது என்பது புலனாகும். "ஏன் அம்மா போன மாதம் வரவில்லை?" என்று தாதி அதட்டினால், "மறந்து போச்சுங்க மிஸ்ஸி" என்றே விடை வருகிறது. மறதி அல்ல அது. உண்மையைச் சொல்லுவதிலும் அறியாமையை ஒப்புக்கொள்வது மானக்கேடு குறைந்ததாகத் தோன்றுகிறது, அவ்வளவே. இந்த விடைக்குப் பின்னாலுள்ள விடையை அறிகிறவரே மெய்யான சமூக சேவகர்.

கடிதத்தின் கதையையும் சொல்ல வேண்டும். லயத்துக் காம்பராக்களுக்குத் தனித்தனி விலாசம் இல்லாமலே பல தலைமுறைகள் கழிந்தன. கடிதங்கள் தோட்டத்துக் கந்தோருக்கு வரும். அங்கிருந்து கைமாறிக் கைமாறி உரியவரைச் சேரும், அல்லது சேராது. இன்ன தேதிக்குச் சத்திர சிகிச்சைக்கு வரவும் என்று அனுப்பிய அறிவித்தல் தேதி கடந்தபின் கையில் கிடைத்தால், 'நோயாளி வரவில்லை' என்று ஆஸ்பத்திரிப் புத்தகம் சொல்லும். புத்தகம் சொல்வது பொய்யன்று, முழு உண்மையுமன்று.

காசநோயை எடுத்துக்கொள்வோம். அதற்குரிய சாதாரண சிகிச்சை ஆறு மாதம். முதலிரண்டு மாதம் நான்கு வகை மருந்து, பின் நான்கு மாதம் இருவகை. இரண்டாம் மாதத்திலேயே இருமல் அடங்கிவிடும்; உடம்பும் தேறிவிடும். அப்போது, நலமாகிவிட்டதே, இனி எதற்கு மருந்து என்று எண்ணுவது இயற்கை. அங்கே நிறுத்தினால் நோய் திரும்புவதோடு, மருந்துக்கு மசியாத வடிவத்திலும் திரும்பலாம். நெருங்கி நெருங்கி வாழும் லயத்திலே அதன் பொருள் என்ன என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. இவ்விடத்திலே தேவைப்படுவது புதிய மருந்தன்று. மூன்றாம் மாதத்திலே ஒருவர் லயத்துக்கு வந்து, திண்ணையில் அமர்ந்து, தமிழிலே பேசிவிட்டுப் போவதுதான்.

வேறொரு வார்டைப் பற்றிப் பலர் பேச விரும்புவதில்லை. மனம் வெறுத்து நஞ்சருந்தியவர்களைக் கொண்டுவரும் வார்டு அது. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு அது பெருமளவு குறைந்தது. நல்லதொரு சாதனை, ஐயமில்லை. ஆயினும் உயிர் பிழைத்தவளை மூன்றாம் நாள் டிக்கட் வெட்டி, எந்த வீட்டிலிருந்து வந்தாளோ அதே வீட்டுக்கே அனுப்பும்போது, கணவனின் குடியோ, தீராத கடனோ, மாமியின் சொல்லோ வாசலில் அப்படியே காத்திருக்கிறது. நம் நாட்டிலே சுகாதார அமைச்சின்கீழ் மனநல சமூக சேவகர்கள் இருக்கிறார்கள், இப்படிப்பட்டவர்களுக்காகவும்தான். கட்டிலருகே அமர்ந்து கேட்பதும், குடும்பத்தாரை அழைத்துப் பேசுவதும், பின்னர் வீடு தேடிச் செல்வதும் அவர்தம் வேலை. 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் உதவியையும் பெறலாம். இதை வாசகர்கள் குறித்து வைத்துக்கொள்வது நன்று.

'சமூக சேவை' என்றதும் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவது பூமாலை, பிஸ்கட் பொதி, புகைப்படக்காரர். பண்டிகை நாளில் வார்டுக்குப் போய்ப் பழம் கொடுப்பதை நாம் பழிக்கவில்லை, பழம் நல்லதுதான். ஆனால் இங்கே நாம் கூறும் சேவை கொடுப்பதிலே தொடங்குவதன்று, கேட்பதிலே தொடங்குவது. அதற்குப் பயிற்சி வேண்டும், சம்பளம் வேண்டும், சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மலைநாட்டைப் பொறுத்தவரையில், தமிழ் வேண்டும். தமிழும் அரசகரும மொழியென்று அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் 1987இல் கூறிவிட்டது. கட்டிலில் கிடப்பவளுக்கு அது கேட்க வேண்டுமானால் ஒருவர் வாய்திறந்து பேச வேண்டும்.

பயிற்சி பெற்றவர் எட்டாத இடங்களில் இப்பணி நடைபெறாமலா இருக்கிறது? தோட்டத்து மருத்துவிச்சி அதிற் பாதியைச் செய்துவிடுகிறாள். எந்த லயத்தில் யார் நிறைமாதம், யார் மருந்தை அடுப்பங்கரையிலே ஒளித்து வைத்திருக்கிறாள் என்பது அவளுக்கு மனப்பாடம். பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளர் மெலிந்த குழந்தையை எவருக்கும் முன்னே காண்கிறார். தொழிற்சங்கத் தலைவர் கடிதம் எழுதித் தருகிறார். வார்டைப் பெருக்க வந்த தமிழ்ப் பெண் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு மொழிபெயர்க்கிறாள். புற்றுநோய் என்னும் சொல்லைக்கூட அவள் வாயாலேதான் ஒரு குடும்பம் முதலிற் கேட்க நேருவதுண்டு. அவளுடைய நல்ல மனத்தை மெச்சும் அதே வேளையில், அவளை அந்நிலையில் நிறுத்துவது முறையா என்றும் கேட்கவே தோன்றுகிறது.

வார்டிலே உறவினர் இருப்பவர்கள் செய்யத்தக்க சில உண்டு. தோட்டத்திலே உடனே செய்தி சேர்க்கக்கூடிய ஒருவரின் தொலைபேசி இலக்கத்தைக் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்திலே தெளிவாக எழுதி வையுங்கள். டிக்கட் வெட்டுமுன் மருந்தின் அளவைத் தமிழிலே சொல்லக் கேட்டு, திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். பிரதேச செயலகத்திலே சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார். காசநோய், புற்றுநோய் முதலியவற்றால் வருந்தும் வறிய குடும்பங்கள் உதவிப் பணத்துக்கு அவரிடமே விசாரிக்க வேண்டும். அதற்கு வைத்தியரின் சான்றிதழ் கேட்கப்படும். நோயாளி வார்டில் இருக்கும்போதே அதைப் பெற்றுக்கொள்ளுங்கள். பின்னர் அதற்கென்று இன்னொரு நாட்பெயரை இழந்து மலையிறங்க வேண்டியிராது.