உஷார்! ஃபெலோஷிப்பை நம்பி இ.எம்.ஐ. போடாதீர்கள்

ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆராய்ச்சி ஃபெலோஷிப், கிடைத்துவிட்டது என்று வீட்டில் லட்டு கொடுத்துக்கொண்டிருக்கிறீர்களா? தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கையோடு பைக் ஷோரூமுக்குப் போய்விடாதீர்கள். தங்கச்சி காலேஜ் ஃபீஸை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் வாக்கும் கொடுக்காதீர்கள். மாதம் 37,000 ரூபாய் என்று உத்தரவில் இருப்பது உண்மைதான். வில்லங்கம் அந்த ‘மாதம்’ என்கிற வார்த்தையில் இருக்கிறது.

நான் சேர்ந்த பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். முதல் ஏழு மாதம் ஒரு பைசா வரவில்லை. மெஸ் பாக்கி 20,000-ஐத் தொட்டதும் என் பெயர் கரும்பலகைக்கு வந்தது, சாம்பார் ருசி பற்றிய புகார்களுக்குப் பக்கத்தில். ஆபீஸில் எங்கள் ஃபைலைப் பார்த்த அக்கா நல்ல மனுஷி. “உன்னோடது மேக்கர் முடிச்சாச்சுப்பா, செக்கர்கிட்ட நிக்குது” என்பார். செக்கர் தேர்தல் வேலைக்குப் போயிருந்தார். தேர்தல் முடிந்து வந்தார், பிறகு லீவில் போனார்.

யு.ஜி.சி. ஃபெலோஷிப் பணம் நேராக நம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஆனால் இந்த ஆள் இந்த மாதம் இங்கே ஆராய்ச்சி செய்தார் என்று நிறுவனம் மாதாமாதம் ஆன்லைனில் உறுதிசெய்ய வேண்டும். ஒருவர் பதிவேற்றுவார், இன்னொருவர் சரிபார்த்துத் தட்டிவிடுவார். அந்த ஒரு தட்டல் விழவில்லை என்றால் டெல்லியில் எத்தனை கோடி இருந்தாலும் உங்கள் மெஸ் கார்டுக்கு வராது. இதற்கிடையே வேறு சம்பள வேலை பார்க்க மாட்டேன் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருப்பார்கள். பணமும் வராது, சம்பாதிக்கவும் கூடாது. நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்தேனா என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

பேராசிரியரின் புராஜெக்டில் ஜே.ஆர்.எஃப்.-ஆகச் சேர்கிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். புராஜெக்ட் பணம் தவணை தவணையாகத்தான் வரும். வந்ததைச் செலவழித்து, ஜி.எஃப்.ஆர். 12-ஏ என்கிற படிவத்தில் யூ.சி., அதாவது பயன்பாட்டுச் சான்றிதழ், எழுதி, கணக்கு அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, மானியத்துக்கு விழுந்த வட்டியையும் திருப்பிக் கட்டினால்தான் அடுத்த தவணை அசையும். நிதி தரும் அமைப்புகளில் டி.எஸ்.டி.க்கு ஒரு வழி, டி.பி.டி.க்கு ஒரு வழி, ஐ.சி.எம்.ஆருக்கு வேறு வழி. யூ.சி.யில் ஒரு தலைப்பின் கூட்டல் பிசகினால் ஃபைல் திரும்பி வரும். அந்தப் பிசகு கெமிக்கல் பில்லில் இருக்கலாம், பட்டினி உங்களுக்கு.

மார்ச் மாதம் தனிக் கூத்து. இப்போதைய ஏற்பாட்டில் செலவாகாத பணம் மார்ச் 31-ஆம் தேதியோடு அரசுக் கஜானாவுக்குப் போய்விடும். புதிய செலவு வரம்பு திறக்கும்வரை கணக்கில் பூஜ்யம். பணமே பிப்ரவரி கடைசியில்தான் வந்து இறங்குகிறது என்று வையுங்கள், என்ன ஆகும்? ஒரு வருஷம் மார்ச் 29 அன்று எங்கள் லேபுக்கு ஒன்பது பெட்டி கையுறை வந்தது. எல்லாம் எல் சைஸ். எங்கள் லேபில் நான்கு பெண்கள், எலும்புக்கூடு மாதிரி ஒரு பையன். வேறு சைஸ் கடைக்காரரிடம் இல்லை, காத்திருக்க நாளும் இல்லை. வாங்கினோம். ஜூன் மாதம் மைனஸ் 80 ஃப்ரீசரின் கம்ப்ரஸர் நின்றபோது அதைச் சரிசெய்ய 40,000 ரூபாய் இல்லை. மூன்று வருட சாம்பிள்களை ஐஸ் பெட்டியில் அடுக்கிப் பக்கத்து டிபார்ட்மெண்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், அந்தக் கையுறைகளைப் போட்டுக்கொண்டு.

இந்த நேரத்தில்தான் சித்தப்பா போன் பண்ணுவார். “ஆராய்ச்சிக்கு ஒரு லட்சம் கோடியாம்டா, இனி உனக்கென்ன!” சித்தப்பா, அது வேறு பணம். 2025 ஜூலை 1-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த அந்த ஒரு லட்சம் கோடி, தனியார் நிறுவனங்களுக்குக் குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடனாகவும் பங்கு முதலீடாகவும் போவதற்கானது. சோதனைக்கூடத்தில் தேறிச் சந்தையை நோக்கி நகர்கிற தொழில்நுட்பங்களுக்கு. உங்கள் பிள்ளையின் ஃபெலோஷிப் அந்தக் குழாயில் வராது.

2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை இன்னொரு பெரிய பெயர். பிரதமரே தலைவர். சிதறிக் கிடக்கும் ஆராய்ச்சி நிதியை ஒருங்கிணைப்பது நோக்கம். அது நடந்தால் முதலில் மகிழ்கிறவன் நான். ஆனால் ஐந்து ஆண்டுக்குச் சொல்லப்பட்ட 50,000 கோடியில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து, தொழில்துறையும் கொடையாளர்களும் தருவார்கள் என்பது கணக்கு. மொய்யை நம்பிப் பந்தல் போட்ட கல்யாணம். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போவது 2020-21 கணக்குப்படி 0.64 சதவீதம், அதிலும் தனியார் பங்கு பாதிகூட இல்லை.

ஒருங்கிணைப்பு எந்த லட்சணத்தில் இருந்தது என்றால், அரசு ஆராய்ச்சிக்குக் கொடுத்த மானியத்துக்கே இன்னொரு கை ஜி.எஸ்.டி. கேட்டது. டெல்லி ஐ.ஐ.டி.க்கு வந்த நோட்டீஸ் 120 கோடி ரூபாய்க்கு. 2024 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் விலக்கு கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது.

சரி, சேருவதற்கு முன் என்ன பார்ப்பது? புராஜெக்ட் என்றால் அனுமதி ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். புராஜெக்ட் பெரும்பாலும் மூன்று வருடம், பிஎச்.டி. முடிய ஐந்து வருடம் ஆகும். மூன்றில் இரண்டு ஓடிப்போன புராஜெக்டுக்கும் சிரித்த முகத்தோடு ஆள் எடுப்பார்கள். 2023-க்கு முன் பழைய 31,000 ரூபாய்க் கணக்கில் ஒப்புதலான திட்டங்களில் உயர்வு அறிவித்ததும் பணம் தானாக ஏறிவிடவில்லை, கூடுதல் நிதி கேட்டு எழுத வேண்டியிருந்தது. அடுத்த உயர்வு வரும்போதும் இதை ஞாபகம் வையுங்கள். இரண்டு வருடம் முடிந்து எஸ்.ஆர்.எஃப்., அதாவது முதுநிலை ஃபெலோ, ஆகும்போது 42,000 என்பதும் தானாக நடக்காது. கமிட்டி கூட வேண்டும், அறிக்கை போக வேண்டும். இரண்டு மாதம் முன்பே ஃபைலைத் தள்ள ஆரம்பியுங்கள். ஆறு மாதச் சாப்பாட்டுக்காவது கையில் காசு இல்லாமல் பெட்டியைக் கட்டாதீர்கள்.

போன மாதம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி சேரப் போனாள். கேண்டீனில் சீனியர் யாரையாவது பிடித்து, கடைசியாக எந்த மாதத்துப் பணம் வந்தது என்று மட்டும் கேள் என்று சொல்லி அனுப்பினேன். கேட்டிருக்கிறாள். சீனியர் டீயைக் கீழே வைத்துவிட்டு, “மாசம் சொல்றேன். எந்த வருஷம்னு கேக்க மாட்டியா?” என்றாராம்.