அரங்கப் பொருட்களின் மறுபயன்பாடு: கலைத்துறையில் ஒரு பொதுக் களஞ்சியம்

ஒரு நாடகம் மேடையேறுவதற்கும் ஒரு திரைப்படம் உருவாவதற்கும் நடிகர்களும் உரையாடலும் மட்டும் போதா. அரசவையைக் காட்டச் சிம்மாசனம் வேண்டும். ஏழையின் குடிசையைக் காட்டக் கயிற்றுக் கட்டிலும் மண்பானையும் வேண்டும். அஞ்சலகத்தைக் காட்ட மேசையும் தராசும் முத்திரையும் வேண்டும். இவற்றை நாடகக் குழுவினர் 'சாமான்கள்' என்றும், திரைப்படத் துறையினர் 'செட் பிராப்பர்ட்டி' என்றும் வழங்குகின்றனர். இக்கட்டுரையில் இவையனைத்தும் அரங்கப் பொருட்கள் எனக் குறிக்கப்படுகின்றன.

இப்பொருட்களுள் பல, ஒரே தயாரிப்பில் சில மணி நேரம் பயன்பட்டபின் குப்பைக்கோ கிடங்கின் மூலைக்கோ சென்றுவிடுகின்றன. அடுத்த தெருவில் வேறொரு குழு அதே பொருளைப் புதிதாகச் செய்துகொண்டிருக்கும். மரம், துணி, உலோகம், தச்சரின் உழைப்பு ஆகிய அனைத்தும் இவ்வாறு இருமுறை செலவாகின்றன. இதற்குக் காரணம் பொருட்களின் பற்றாக்குறையன்று; அவற்றைப் பேணவும், பதிவு செய்யவும், பொறுப்புடன் கைமாற்றவும் ஏற்ற அமைப்பு இல்லாமையே ஆகும்.

மரபு காட்டும் வழி

அரங்கப் பொருட்களைப் பற்றிய சிந்தனை நம் நாட்டிற்குப் புதியதன்று. பரதரின் நாட்டிய சாஸ்திரம் ஆடை, அணி, ஒப்பனை, மேடைப் பொருட்கள் ஆகியவற்றை 'ஆஹார்யம்' என்னும் தலைப்பில் விரிவாக ஆராய்கிறது. மலை, தேர், ஆயுதம் முதலியவற்றின் போலி உருவங்களை அது 'புஸ்தம்' என்று பெயரிட்டு வகைப்படுத்துகிறது. மேடையில் உண்மையான ஆயுதங்களையும் கனமான பொருட்களையும் பயன்படுத்தாமல், புல், மூங்கில், அரக்கு போன்ற இலேசான பொருட்களால் அவற்றைச் செய்துகொள்ளுமாறு கூறுகிறது. பாரம் மிகுந்த அணிகள் நடிகரைக் களைப்படையச் செய்யும் என்பது அந்நூல் காட்டும் காரணம். இலேசான பொருள் எளிதில் எடுத்துச் செல்லத்தக்கது என்பது இதனுடன் சேர்ந்து கிட்டும் நன்மையாகும்.

ஊர்ஊராகச் சென்ற நாடகக் குழுக்களுக்கு மறுபயன்பாடு ஒரு கொள்கையாக அன்றி வாழ்க்கை முறையாகவே இருந்தது. ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தில் உள்ள சுரபி என்னும் சிற்றூரில் 1885-ஆம் ஆண்டு தொடங்கிய சுரபி நாடக மரபு இதற்குச் சிறந்த சான்று. குடும்பங்களே குழுக்களாக அமைந்த இம்மரபில், தீட்டப்பட்ட படுதாக்கள், ஆடைகள், மாயக்காட்சிகளுக்கான கம்பி, கப்பி முதலிய சாதனங்கள் எல்லாம் குடும்பச் சொத்தாகப் பேணப்பட்டன. அரண்மனைப் படுதா ஒன்று பல புராண நாடகங்களுக்குப் பொதுவாக நின்றது. கேரளத்தில் கதகளியின் கிரீடங்களும் ஆடையணிகளும் 'கோப்பு' எனப்படும். கோப்பு வைத்திருப்போரிடமிருந்து அதனை வாடகைக்குப் பெற்று ஆட்டம் நடத்தும் வழக்கம் அங்கு நிலவி வந்துள்ளது. ஒவ்வொரு கலைஞரும் தமக்கென ஒரு கிரீடம் செய்துகொள்ள வேண்டிய தேவை இதனால் எழவில்லை.

இம்மரபுகளில் பொருளுக்கு ஓர் உடைமையாளர் இருந்தார். அதனைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரும் அவர் வீட்டிலோ குழுவிலோ இருந்தார். பொருள் எங்கே உள்ளது, எந்நிலையில் உள்ளது என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஸ்டூடியோ காலமும் அதன் பின்னும்

இந்தியத் திரைப்படத் துறையின் தொடக்கக் காலத்தில் ஸ்டூடியோக்கள் இதே பணியைப் பெரிய அளவில் செய்தன. புனேயின் பிரபாத், கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ், பம்பாயின் பாம்பே டாக்கீஸ், சென்னையின் ஜெமினி போன்ற நிறுவனங்களில் தச்சர், ஓவியர், தையற்காரர் ஆகியோர் மாதச் சம்பளத்தில் பணியாற்றினர். ஒரு படத்திற்கெனச் செய்த தூணும் நாற்காலியும் நிறுவனத்தின் கிடங்கிற்கே திரும்பின. வண்ணம் மாற்றப்பட்டு அடுத்த படத்தில் இடம்பெற்றன.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் தனித் தயாரிப்பாளர்கள் பெருகியபோது இந்நிலை மாறியது. தனித் தயாரிப்பாளருக்கு ஒரு படம் முடிந்தவுடன் கிடங்கு ஒரு சுமையாகிறது. அடுத்த படம் எப்போது தொடங்கும் என்பது அவருக்கே தெரியாது. எனவே பொருளை விற்றுவிடுவதோ விட்டுவிடுவதோ அவர் அளவில் அறிவார்ந்த முடிவே. ஆனால் துறை முழுவதையும் நோக்கும்போது அது நட்டமாகிறது. தனியார் செலவும் சமுதாயச் செலவும் வேறுபடுவதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

இம்மாற்றம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் எம்.ஜி.எம். நிறுவனம் பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த அரங்கப் பொருட்களையும் ஆடைகளையும் 1970-ஆம் ஆண்டு மொத்தமாக விற்றது. அவை பின்னர் பொது ஏலத்தில் சிதறின. ஒரு தலைமுறைக்கே பயன்பட்டிருக்கக்கூடிய களஞ்சியம் சில நாட்களில் கலைந்தது.

ஸ்டூடியோக் கிடங்கு விட்டுச் சென்ற இடத்தை வாடகை வணிகம் ஓரளவு நிரப்பியது. சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பகுதிகளில் நாற்காலி முதல் பழைய தொலைபேசி வரை வாடகைக்கு விடும் நிறுவனங்கள் உள்ளன. மும்பையின் சோர் பஜாரில் உள்ள பழம்பொருட் கடைகளைக் கலை இயக்குநர்கள் நெடுங்காலமாக நாடி வந்துள்ளனர். ஐதராபாத்திற்கு அருகே 1996-இல் திறக்கப்பட்ட ராமோஜி திரைப்பட நகரம் நிலையான அரங்குகளையும் அரங்கப் பொருட்களையும் ஒரே வளாகத்தில் அளிக்கிறது. இவ்வணிகம் திரைப்படத்திற்குப் பயனுள்ளது. ஆயினும் அது பெருநகரங்களிலேயே குவிந்துள்ளது. அதன் கட்டணமும் வைப்புத் தொகையும் திரைப்படத்தின் செலவு அளவை ஒட்டியவை. மாவட்டத் தலைநகரில் இரண்டு நாட்கள் நாடகம் நடத்தும் கல்லூரி மாணவர்களுக்கோ, சிற்றூர்க் குழுவிற்கோ அது எட்டுவதில்லை. பொருள் கிடைக்காமையால் நாடகத்தையே கைவிடும் குழுவின் இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

சேமிப்பின் கணக்கு

எல்லாப் பொருளையும் சேமித்து வைப்பதே சிக்கனம் என்று கருதுவது தவறு. ஒரு கற்பனைக் கணக்கு இதனை விளக்கும். ஒரு மரச் சிம்மாசனம் 20,000 ரூபாய்க்குச் செய்யப்படுவதாகக் கொள்வோம். அதன் ஆயுள் 5 ஆண்டுகள். ஆண்டுதோறும் கிடங்குச் செலவு 1,000 ரூபாய், பழுதுபார்ப்புச் செலவு 1,000 ரூபாய் எனக் கொண்டால், மொத்தச் செலவு 30,000 ரூபாயாகும். ஆண்டிற்கு 10 முறை அது வெளியே சென்றால், 50 பயன்பாடுகளில் ஒவ்வொன்றிற்கும் ஆகும் செலவு 600 ரூபாய் மட்டுமே. ஆண்டிற்கு ஒருமுறை மட்டும் சென்றால் அது 6,000 ரூபாயாக உயர்கிறது. ஐந்தாண்டுகளில் ஒரே ஒருமுறை பயன்பட்டாலோ, புதிதாகச் செய்வதைவிடச் செலவு மிகுந்துவிடுகிறது.

அதாவது, பொருளைப் பேணுவதால் மட்டும் சிக்கனம் கிட்டுவதில்லை. அது கைமாறிக்கொண்டே இருப்பதால்தான் கிட்டுகிறது. ஒரு குழு தனித்து இச்சுழற்சியை அடைய இயலாது. பல குழுக்கள் சேர்ந்தால் இயலும். பொதுக் களஞ்சியத்தின் பொருளாதார நியாயம் இதுவே.

இக்கணக்கில் போக்குவரத்தையும் சேர்த்தல் வேண்டும். பிரிட்டனில் 2020-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, 7 கோடி டாலருக்கு மேல் செலவாகும் ஒரு பெரிய திரைப்படம் சராசரியாக 2,840 டன் கரியமில வாயுவுக்கு ஈடான வெளியேற்றத்திற்குக் காரணமாகிறது என்றும், அதில் ஏறத்தாழப் பாதி போக்குவரத்தால் விளைவது என்றும் மதிப்பிட்டது. நெடுந்தொலைவிலிருந்து லாரியில் வரவழைக்கும் நாற்காலியால் மரம் மிச்சமாகலாம், டீசல் வீணாகும். எனவே நாட்டிற்கு ஒரே பெருங்கிடங்கைவிட, அருகருகே அமைந்த பல சிறு களஞ்சியங்களே பொருத்தமானவை.

எவற்றைப் பகிரலாம்?

பகிர்வதற்கு ஏற்ற தன்மையை ஒட்டி அரங்கப் பொருட்களை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, நாற்காலி, மேசை, கட்டில், விளக்கு போன்ற பொதுவான பொருட்கள். உறையையும் வண்ணத்தையும் மாற்றினால் இவை எக்கதைக்கும் பொருந்தும். களஞ்சியத்தின் அடித்தளம் இவையே.

இரண்டாவது, மேடை மேடைகள், படிகள், சுவர்ச் சட்டங்கள் போன்ற கட்டமைப்புகள். இவை ஒரே அளவில் அமைந்தால்தான் மறுபடியும் பயன்படும். சந்தையில் ஒட்டுப்பலகை 8 அடிக்கு 4 அடி அளவில் கிடைக்கிறது. அவ்வளவையும் அதன் பாதியையும் ஒட்டிச் சட்டங்கள் அமைந்தால் பலகையைச் சிதைக்க வேண்டுவதில்லை. ஆணிக்கும் பசைக்கும் மாறாகத் திருகாணியும் போல்ட்டும் கொண்டு இணைத்தால் பிரித்தல் எளிதாகும். மறுபயன்பாடு கிடங்கில் அன்று, வரைபடம் தீட்டும் நிலையிலேயே தொடங்குகிறது என்பதைக் கலை இயக்கம் பயிலும் மாணவர் உணர வேண்டும்.

மூன்றாவது, கதையில் தனி இடம் பெறும் பொருட்கள். நாயகனின் கைத்தடி, குறிப்பிட்ட ஒரு பேழை போன்றவை பார்வையாளர் நினைவில் நிற்பவை. இவற்றை உடனே மற்றொரு படத்தில் காட்டுவது பொருந்தாது. அன்றியும், திரைப்படத்தில் சில காட்சிகளை மீண்டும் எடுக்க நேரலாம். ஆகவே படம் முழுமையடையும் வரை இவற்றைக் கைவிடலாகாது.

நான்காவது, ஒரே முறைக்கு உரியவை: உணவுப் பண்டங்கள், கிழிக்கப்படும் கடிதங்கள், உடைக்கப்படும் சாடிகள், தெர்மோகோல் உருவங்கள். தெர்மோகோல் மலிவானது, ஆனால் எளிதில் உடைவது, இடத்தை அடைப்பது, மட்காதது. 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிப் பொருட்களின் பட்டியலில் அலங்காரத்திற்கான தெர்மோகோலும் இடம்பெற்றது. மூங்கில், காகிதக்கூழ், துணி ஆகியவை இதற்கு மாற்றாகும். பரதர் காட்டிய வழியும் இதுவே.

ஆயுதங்களைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்ப்பது தகாது. 2021 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், படப்பிடிப்பில் கையாளப்பட்ட துப்பாக்கியிலிருந்து உண்மையான குண்டு வெளிப்பட்டதால் ஒளிப்பதிவாளர் ஒருவர் உயிரிழந்தார். கைமாறும் பொருளுக்குப் பொறுப்பாளர் யார் என்பது தெளிவாக இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கு இது எச்சரிக்கை.

பிற நாடுகளின் முயற்சி

நியூயார்க் மாநகராட்சி 1978-ஆம் ஆண்டு முதல் 'மெட்டீரியல்ஸ் ஃபார் தி ஆர்ட்ஸ்' என்னும் அமைப்பை நடத்தி வருகிறது. நிறுவனங்களும் தனியாரும் தமக்கு வேண்டாத பொருட்களை அதன் கிடங்கிற்கு அளிக்கின்றனர். இலாப நோக்கற்ற கலைக் குழுக்களும் பொதுப் பள்ளிகளும் அவற்றை இலவசமாகப் பெறுகின்றன. பிரிட்டனின் நாடகத் துறையினர் சேர்ந்து 2021-இல் 'தியேட்டர் கிரீன் புக்' என்னும் வழிகாட்டியை வெளியிட்டனர். ஒரு தயாரிப்பின் பொருட்களில் 50 விழுக்காடு முன்பே பயன்பட்டவையாகவும், 65 விழுக்காடு பின்னரும் பயன்படுபவையாகவும் இருத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை நிலை. முந்தையது பொருளுக்கு இடம் தந்தது; பிந்தையது அளவிடத்தக்க இலக்கைத் தந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் முழுப்பயன் விளையும்.

பதிவேடும் பொறுப்பும்

அரசு சார்ந்த கலை நிறுவனங்களில் அரங்கப் பொருட்கள் அரசின் சொத்து. 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் நிலையான சொத்துக்களையும் நுகர்பொருட்களையும் தனித்தனிப் பதிவேடுகளில் எழுதவும், சொத்துக்களை ஆண்டிற்கு ஒருமுறையேனும் நேரில் சரிபார்க்கவும், மிகுதியானவற்றையும் பயனற்றவற்றையும் காரணம் பதிவு செய்து அகற்றவும் வகைசெய்கின்றன. இவை தேவையான காப்புகள். ஆயினும் நடைமுறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரு கிரீடத்தை வெளியே கொடுத்து அது சேதமுற்றால் கிடங்குக் காப்பாளர் விளக்கம் அளிக்க வேண்டும். அதனைப் பத்தாண்டுகள் பூட்டி வைத்துக் கறையான் அரித்தால் எவரும் அவரைக் கேட்பதில்லை. பொருளைப் பயன்படுத்துவதைவிடப் பூட்டி வைப்பதே அவருக்குப் பாதுகாப்பானது. இந்நிலை நீடிக்கும்வரை எத்தனை சுற்றறிக்கை விடுத்தாலும் கதவு திறவாது.

இயல்பான தேய்மானத்தையும் கவனக்குறைவால் நேரும் சேதத்தையும் வேறுபடுத்துவதே இதற்குத் தீர்வு. பொருள் வெளியே செல்லும்போதும் திரும்பும்போதும் அதன் நிலை எழுத்திலும் புகைப்படத்திலும் பதிவாக வேண்டும். பெறுபவர் சிறு வைப்புத் தொகை செலுத்த வேண்டும். வாடகை பழுதுபார்ப்பு நிதிக்கே செல்ல வேண்டும். ஆண்டுச் சரிபார்ப்பில் 'எத்தனை உள்ளன' என்பதுடன் 'எத்தனை முறை வெளியே சென்றன' என்பதும் கேட்கப்பட்டால், காப்பாளரின் பணியே வேறு பொருள் பெறும்.

தொழிலாளரின் நிலை

மறுபயன்பாடு தச்சருக்கும் ஓவியருக்கும் வேலையைக் குறைக்கும் என்னும் அச்சம் நியாயமானதே. புதிதாகச் செய்யும் பணி ஓரளவு குறையத்தான் செய்யும். ஆனால் பிரித்தல், செப்பனிடல், வண்ணம் மாற்றல், உறை தைத்தல் ஆகியவை மூலப்பொருளைவிட உழைப்பை மிகுதியாக வேண்டுபவை. படப்பிடிப்பு நாட்களுக்கு மட்டும் கூலி பெறும் கைவினைஞருக்குக் களஞ்சியம் ஆண்டு முழுவதும் வேலை அளிக்க இயலும். அவ்வாறு அமையாத திட்டம், சிக்கனத்தின் சுமையைத் துறையில் மிக எளியோர் மீது ஏற்றுவதாக முடியும்.

செய்யத்தக்கவை

இதற்குப் பெரிய கட்டடங்களோ புதிய துறையோ தேவையில்லை. 1959-இல் நிறுவப்பட்ட தேசிய நாடகப் பள்ளி, புனேயிலும் கொல்கத்தாவிலும் உள்ள திரைப்படப் பயிற்சி நிறுவனங்கள், தஞ்சாவூரில் உள்ளது உட்பட ஏழு மண்டலப் பண்பாட்டு மையங்கள், மாநில அகாதமிகள், பல்கலைக்கழக நாடகத் துறைகள் ஆகியவற்றிடம் இடமும் பொருளும் ஏற்கெனவே உண்டு. அவை தம் பொருட்களுக்கு எண் இட்டு, அளவும் படமும் சேர்த்து ஒரு பொதுப் பட்டியலை உருவாக்குவது முதற்படி. நூலகங்கள் ஒன்றுக்கொன்று நூல்களைக் கடன் அளிப்பது போல, பொருள் அவரவர் கிடங்கிலேயே இருக்க, பட்டியல் மட்டும் பொதுவாக அமையலாம். இரண்டாம் படியாக, அரசின் நிதியுதவி பெறும் தயாரிப்புகள் வரவுசெலவுக் கணக்குடன் பொருட்களின் வரவும் செல்கதியும் காட்டும் ஒரு பக்கத்தை இணைக்க வேண்டும். மூன்றாம் படியாக, ஒரு மாவட்டத்தில் கல்லூரிகளும் குழுக்களும் சேர்ந்து நடத்தும் சிறு களஞ்சியம் ஒன்றைச் சோதனை முறையில் தொடங்கி, அதன் பயன்பாட்டுக் கணக்கை வெளியிடலாம்.

சுரபிக் குடும்பங்கள் தம் படுதாக்களைப் பேணியதற்குச் சுற்றுச்சூழல் பற்றிய சட்டம் எதுவும் காரணமன்று. அப்படுதா கிழிந்தால் மறுநாள் நாடகம் இல்லை என்பதே காரணம். அந்தப் பொறுப்புணர்வைப் பொது நிறுவனங்களின் நடைமுறையில் அமைத்துத் தருவதே இத்துறையில் திட்டமிடுவோரின் கடமை. அது நிறைவேறினால், ஒரு மேடையில் திரை விழும்போது அதன் பொருட்கள் மற்றொரு மேடைக்குப் புறப்பட்டுச் செல்லும்.