தலையிடியும் கைம்மருந்தும்

தமிழகத்தார் தலைவலி என்பதனை யாழ்ப்பாணத்தார் தலையிடி என்பர். நெற்றிப்பொட்டில் நாடித் துடிப்போடு ஒத்து இடித்திடித்து வரும் நோவை அனுபவித்தோர், எம்மவர் சொல்லே பொருத்தமானது என உடன்படுவர்.

யாழ்ப்பாணத் தமிழரசர் காலத்தது எனக் கொள்ளப்படும் பரராசசேகரம் என்னும் வைத்திய நூலின் தலைநோய்ப் பகுதியை, ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அவர்கள் 1928ஆம் ஆண்டில் அச்சேற்றினார். அப்பகுதியின் பெயர் ‘சிரரோக நிதானம்’ என்பது. நிதானமாவது நோயின் காரணத்தையும் குறிகளையும் ஆராய்ந்து துணிதல். மருந்து அதன் பின்னரே. இவ்வொழுங்கினை நாம் பெரும்பாலும் மறந்து, எத்தலையிடிக்கும் வேர்க்கொம்பை உரைத்துப் பற்றிடுவதோடு அமைகின்றோம்.

விரதகாலத் தலையிடியை எடுத்துக்கொள்வோம். கந்தசட்டி நோற்போர் சிலர் முதல்நாள் மாலையிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு இருப்பதைக் காண்கின்றோம். பசியும் நீர்க்குறைவும் காரணமாதல் உண்மையே. ஆயினும், நாள்தோறும் கோப்பியும் தேநீரும் அருந்திப் பழகியவர் அவற்றைத் திடீரென விடுத்தால், 12 முதல் 24 மணி நேரத்துள் அப்பழக்கம் அற்றமையாலேயே தலையிடி தோன்றும். இதற்குப் பற்று எங்ஙனம் உதவும்? விரதத்துக்கு ஒரு வாரம் முன்னரே கோப்பியைச் சிறிது சிறிதாகக் குறைத்து வருதலே தக்க வழி. சித்திரை வெயிலில் தோட்டத்தில் நின்றவர்க்கோ நிழலும், உப்பிட்ட மோரும் போதும்.

மார்கழிப் பனியில் மூக்கடைத்து நெற்றி கனக்கும்போது நொச்சியிலை இட்டுக் கொதித்த நீரில் வேது பிடிப்பர். ஆவியின் ஈரம் சளியை இளக்குதலால் இதிற் சுகம் உண்டு. ஆனால், சிறுபிள்ளைகளைக் கொதிநீர்ப் பானையின்மேற் குனியவைத்தல் ஆகாது. பானை சரிந்தால் நேரும் புண் தலையிடியினும் கொடியது.

வேர்க்கொம்பின் இயல்பு வேறு. பற்றிடும்போது அதன் காரம் தோலிற் சூட்டுணர்ச்சியை எழுப்பி உள்நோவை மறைக்கின்றது. கண்ணருகே படாமற் பூசி, எரிவு மிகுமுன் கழுவிவிடல் வேண்டும். உட்கொண்டால் குமட்டலையும் அடக்கும். 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஈரானிய ஆய்வொன்று, ஒற்றைத் தலையிடியுடைய 100 பேரிடம் இஞ்சித்தூளையும் சுமாத்திரிப்தான் என்னும் மேனாட்டு மருந்தையும் ஒப்புநோக்கியது. இரண்டு மணி நேரத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒத்த பயனே தந்தன. ஓராய்வு முடிந்த முடிபாகாது. எனினும் எம் பாட்டிமாரின் கைம்மருந்தை நகைத்தற்கு இடமில்லை.

மாணவர்க்கு ஒன்று. பரீட்சைக் காலத்தில் இரவெல்லாம் விழித்து, காலையிற் பரசிற்றமோற் குளிசையை விழுங்குவோர் உளர். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேலாக இவ்வாறு உட்கொண்டுவரின் மருந்தே தலையிடியை வளர்க்கும். நித்திரைக் குறைவுக்கு மருந்து நித்திரையே.

இனி, வீட்டில் வைத்திருக்கலாகாத தலையிடிகளும் உள. கணத்திற் கடுமையாகத் தாக்குவது, பேச்சுக் குழறலோடு அல்லது ஒருபக்கக் கைகாற் சோர்வோடு வருவது, கழுத்து விறைப்போடு காய்ச்சலும் கூடியது, தலையில் அடிபட்டபின் வாந்தியோடு தோன்றுவது ஆகியவற்றுக்கு அம்மியைத் தேடாது ஆசுபத்திரிக்கு விரைதல் வேண்டும். மாரிகாலத்திற் காய்ச்சலும் கண்ணின் பின்புற நோவும் சேர்ந்துவரின் டெங்கு என ஐயுறுக. அந்நிலையில் அஸ்பிரினும் இபுபுரோபனும் இரத்தப்போக்கை மிகுவிக்குமாதலால் அவற்றைத் தொடாது, அன்றே வைத்தியரிடம் சென்று இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும்.