எல்லை தாண்டிய பாக்கியும் உலகச் சட்டங்களும்

ஓசூர், கிருஷ்ணகிரி மொத்தக் கடைகளிலிருந்து அத்திப்பள்ளி, ஆனேக்கல், பெங்களூர் கடைகளுக்குப் புளியும் பருப்பும் கடனுக்குப் போவது நமக்குப் புதிதல்ல. ஆனால் பாக்கி நின்றுவிட்டால், "அது கர்நாடகம், அங்கே சட்டம் வேறு" என்று சோர்ந்துவிடுகிறோம். இது சரிதானா என்று வணிகப் பெருமக்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உலகில் உள்ள சட்ட முறைகளைப் பொதுவாக நான்கு வகையாகச் சொல்லலாம். முதலாவது இங்கிலாந்து முறை. இதில் சட்டப் புத்தகத்தோடு, மேல் கோர்ட் முன்பு சொன்ன தீர்ப்பும் கீழ்க் கோர்ட்டைக் கட்டுப்படுத்தும். நம் நாட்டு வியாபாரச் சட்டம் இந்த வழியில் வந்தது. இரண்டாவது பிரான்ஸ், ஜெர்மனி நாடுகளின் முறை. 1804-ல் நெப்போலியன் கொண்டுவந்த சிவில் சட்டத் தொகுப்பு இதற்குப் பேர்போனது. அங்கே தொகுப்பில் எழுதியிருப்பதே முதன்மை. மூன்றாவது சமயச் சட்டம். சவூதி அரேபியாவில் இஸ்லாமியச் சட்டமே அடிப்படை. வட்டி அதற்கு ஒவ்வாது. நான்காவது வழக்காற்றுச் சட்டம். யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமை, டச்சுக்காரர் ஆட்சியில் 1707-ல் எழுத்தில் தொகுக்கப்பட்டது. இவை கலந்த நாடுகளும் உண்டு. இலங்கையே அதற்குச் சான்று.

நம் எல்லைக்கு வருவோம். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டம் ஆகிய மூன்றும் ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றே. ஓசூர் கோர்ட்டைச் சென்னை ஐகோர்ட் தீர்ப்பு கட்டுப்படுத்தும். ஆனேக்கல் கோர்ட்டைக் கர்நாடக ஐகோர்ட் தீர்ப்பு கட்டுப்படுத்தும். இரண்டும் முரண்பட்டால் சுப்ரீம் கோர்ட் சொல்வதே முடிவு. சரக்கை ஓசூரில் ஒப்படைத்ததும், பணம் இங்கே தரவேண்டியதும் பில்லில் தெளிவாக இருந்தால் வழக்கை இங்கேயே போடவும் வழி உண்டு.

நாம் கவனிக்க வேண்டியது வேறு. பிரான்சில் வியாபாரிகளுக்குள் வரும் வழக்கில், முறையாக எழுதிய கணக்கையே நீதிபதி ஆதாரமாக ஏற்கலாம். பாக்கிக்கு வழக்குப் போட ஐந்து ஆண்டு அவகாசமும் உண்டு. நம் நாட்டிலோ பேரேடு ஒரு சான்றுதான். அதை மட்டும் காட்டி ஒருவரைக் கடனாளி ஆக்க முடியாது. கையெழுத்திட்ட பில், லாரி ரசீது போன்றவை துணைக்கு வேண்டும். அவகாசமும் மூன்று ஆண்டுதான். தவணை பேசாத கடனுக்குச் சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்தும், தவணை பேசியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்தும் கணக்கு. அந்தக் கெடுவுக்குள் "இவ்வளவு பாக்கி" என்று வாங்கியவர் எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து மூன்று ஆண்டு புதிதாக ஓடும்.

கையெழுத்துக் கேட்டால் பழக்கம் கெடும் என்று தயங்குகிறோம். கேட்காமல் விட்டால் பணமும் போகும், பழக்கமும் போகும். மார்ச் 31-ல் கணக்கு முடிக்கும்போது, வெளிமாநிலப் பாக்கி ஒவ்வொன்றுக்கும் நிலுவைச் சீட்டில் கையெழுத்து வாங்கி வைப்போம்.