எளிய பூட்டே வலிய பூட்டு

வீட்டுக் கதவுக்கு ஒரு பூட்டுப் போதாதென்று இரண்டு, இரண்டு போதாதென்று மூன்று எனப் போட்டுக்கொண்டே போனால் பாதுகாப்பும் கூடிக்கொண்டே போகும் என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். இன்று நமது பணம், தேர்வு மதிப்பெண்கள், மருத்துவக் குறிப்புகள், கடிதங்கள் யாவும் கணிப்பொறிகளுக்குள் குடியேறிவிட்டன. அவற்றைக் காக்கும் பூட்டுகள் இரும்பால் ஆனவை அல்ல. நிரல் எனப்படும் கட்டளை வரிகளால் ஆனவை. இந்தப் பூட்டுகளைப் பொறுத்தவரை, வேலைப்பாடு கூடக் கூட உறுதி குறைகிறது. அஃது ஏன் என்று காண்போம்.

1975ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் ஆகிய இருவரும் கணிப்பொறியில் உள்ள செய்திகளைக் காப்பது பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அதில் எட்டு விதிகளைத் தொகுத்துக் கூறினர். அவற்றுள் முதலாவது, காவல் அமைப்பு இயன்ற அளவு சிறியதாகவும் எளியதாகவும் இருக்கவேண்டும் என்பதே.

இதற்கு அவர்கள் காட்டிய காரணம் சிந்திக்கத்தக்கது. தையல் இயந்திரத்தின் ஊசி முறிந்தால் தையல் விழாது, உடனே தெரிந்துவிடும். கணக்குப் போடும் நிரல் தவறினால் கூட்டுத்தொகை உதைக்கும். ஆனால் பூட்டில் உள்ள குறை அப்படி வெளிப்படுவதில்லை. வீட்டார் நாள்தோறும் சாவியைப் போட்டுத் திறக்கிறார்கள், மூடுகிறார்கள். பூட்டு ஒழுங்காகவே வேலை செய்கிறது. வளைந்த கம்பி ஒன்றை நுழைத்தாலும் அது திறந்துகொள்ளும் என்பதை வீட்டார் எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அதைச் சோதிப்பவன் திருடன் ஒருவனே! ஆகவே, காவல் நிரலில் உள்ள குறையைப் பழக்கத்தினால் அறிய முடியாது. வரி வரியாகப் படித்துத்தான் அறியவேண்டும். சில ஆயிரம் வரிகளை ஒருவர் ஊன்றிப் படித்துவிடலாம். பல லட்சம் வரிகளை யாரால் அப்படிப் படிக்க இயலும்?

இவ்விதியை மறந்ததால் நேர்ந்த இடர் ஒன்றைப் பார்ப்போம். இணையத்தில் செல்லும் செய்திகளைப் பிறர் படிக்காதவாறு மறைத்து அனுப்புவதற்கு ‘ஓப்பன் எஸ்.எஸ்.எல்.’ என்னும் மென்பொருள் உலகெங்கும் பயன்படுகிறது. 2012 மார்ச் மாதம் வெளியான அதன் பதிப்பில் புதிய வசதி ஒன்று சேர்க்கப்பட்டது. அதன் பெயர் ‘இதயத் துடிப்பு’. தொலைபேசியில் மறுமுனை பேசாதிருந்தால், “இருக்கிறீர்களா?” என்று நாம் கேட்பதில்லையா? அதுபோல ஒரு கணிப்பொறி மற்றொன்றிடம், “இருந்தால், ‘மல்லிகை’ என்ற நான்கெழுத்துச் சொல்லைத் திருப்பிச் சொல்” என்று கேட்கும். மற்றதும், “மல்லிகை” என்று விடை தரும். அவ்வளவுதான்.

ஆனால் ஒருவன் குறும்பாக, “மல்லிகை என்ற 64,000 எழுத்துச் சொல்லைத் திருப்பிச் சொல்” என்று கேட்டால்? அச்சொல்லில் உண்மையாகவே அத்தனை எழுத்து உள்ளதா என்று அந்த நிரல் எண்ணிப் பார்க்கவில்லை. மல்லிகை என்று சொல்லிவிட்டு, எஞ்சிய எழுத்துகளைத் தன் நினைவகத்தில் அடுத்து இருந்தவற்றிலிருந்து அள்ளிக் கொடுத்தது. அங்கே பிறருடைய கடவுச்சொற்களும், மறைமொழியைத் திறக்கும் சாவிகளுமே இருக்கக்கூடும். காக்க வைத்த வேலியே பயிரை மேய்ந்தது!

‘இதயக் கசிவு’ என்று பொருள்படப் பெயரிடப்பட்ட இக்குறை, 2014 ஏப்ரல் 7 அன்றுதான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் அது எவர் கண்ணிலும் படாமல் உலகெங்கும் உலவியது. அறிவிப்பு வந்த சில நாட்களுக்குள், கனடா நாட்டு வரித் துறையிலிருந்து சுமார் 900 பேருடைய சமூகக் காப்பீட்டு எண்கள் களவு போயின. இதில் வருந்தத்தக்கது என்னவெனில், பெரும்பாலான இணையதளங்களுக்கு அந்த வசதி தேவையே இல்லை. தேவையில்லாத சன்னல் ஒன்றைச் சுவரில் வைத்து, அதற்குக் கம்பி போட மறந்த கதைதான் இது.

இதனால் அறிஞர்கள் பாடம் கற்றனர். ‘ஓப்பன் பி.எஸ்.டி.’ குழுவினர் அம்மென்பொருளின் படி ஒன்றை எடுத்துக்கொண்டு, வேண்டாதவற்றைக் களையத் தொடங்கினர். முதல் வாரத்திலேயே 90,000 வரிகளுக்கு மேல் நீக்கினர்! செய்திகளை மறைத்துக் கொண்டுசெல்லும் ‘வயர்கார்டு’ என்னும் மற்றொரு மென்பொருளை, ஒருவரே படித்து முடிக்கக்கூடிய அளவில், ஏறக்குறைய 4,000 வரிகளில் ஜேசன் டோனன்ஃபெல்டு என்பவர் அமைத்தார். அது 2020 மார்ச் மாதம் புகழ்பெற்ற லினக்ஸ் இயக்க அமைப்பில் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

எளிமை நிரல் எழுதுவோருக்கு மட்டுமன்று, பயன்படுத்துவோருக்கும் வேண்டும். அமெரிக்க அரசின் தரநிர்ணயக் கழகம் 2004இல் வெளியிட்ட வழிகாட்டியைப் பின்பற்றி, கடவுச்சொல்லில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்திருக்கவேண்டும், அதை அடிக்கடி மாற்றவும் வேண்டும் என்ற வழக்கம் எங்கும் பரவியது. விளைந்தது என்ன? மக்கள் பழைய சொல்லின் இறுதியில் 1, 2, 3 என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். அல்லது தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிவைத்தார்கள். 2017இல் அக்கழகமே தன் அறிவுரையைத் திருத்தியது. கலவை விதிகள் வேண்டாம். களவு போனதற்கு அடையாளம் இல்லாதபோது காலந்தோறும் மாற்றச் சொல்லவும் வேண்டாம் என்று அறிவித்தது. நினைவில் நிற்கும் நீண்ட சொற்றொடரே, நினைவில் நில்லாத குறுகிய புதிரைவிடச் சிறந்த காவல்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். எளிமை என்றால் கதவைத் திறந்துபோடுவதா? அன்று. மேலே கூறிய இரு அறிஞர்களும், உள்ளே வரும் ஒவ்வொரு வேண்டுகோளையும் தவறாமல் சோதிக்கவேண்டும் என்பதையும் ஒரு விதியாகவே வைத்தனர். பள்ளிக்கு ஒரே வாயில் இருந்து, அங்கே வருவோர் ஒவ்வொருவரையும் காவலர் விசாரித்தால் அஃது எளிமை; காவலும்கூட. பத்து வாயில்கள் வைத்து, பத்திலும் காவலர் உறங்கினால் அஃது ஆடம்பரம் மட்டுமே.

எளிமை ஒரு நற்பண்பு என்று மறைக்கல்வி வகுப்பில் கற்கிறோம். கணிப்பொறி உலகில் அது நம்மை நம்பி இருப்போரைக் காக்கும் கடமையும் ஆகிறது. நம் மாணவிகளுள் பலர் நாளை நிரல் எழுதப் போகிறவர்கள். புதிதாக ஒரு வசதியைச் சேர்க்குமுன், “இது தேவைதானா? இதை முழுவதும் படித்துப் பார்க்க ஒருவரால் முடியுமா?” என்ற இரு கேள்விகளை அவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். பெற்றோரும் கைப்பேசியில் பயன்படாமல் கிடக்கும் செயலிகளை இன்றே நீக்கிவிடலாம். மூடிய சன்னலைவிட, இல்லாத சன்னலே பாதுகாப்பானது அன்றோ!