“பெயர் செல்லாது” என்கிறது கம்ப்யூட்டர்!

தங்கவயல் மாரிக்குப்பத்தில் இருந்து பெங்களூருக்குப் புறப்படும் காலை ரெயில். உட்கார இடம் கிடைத்தவர்கள் தூங்குகிறார்கள். இடம் கிடைக்காதவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறார்கள்.

ஒரு பெட்டியின் மூலையில் மட்டும் நாலைந்து பேர் விழித்திருப்பார்கள். நடுவில் ஓர் இளைஞர். அவர் கையில் யாருடைய செல்போனாவது இருக்கும்.

“தம்பி, இதிலே என்னமோ கேட்குது, கொஞ்சம் பாருப்பா!”

இளைஞருக்கு வயது 34. பெங்களூரில் ஒரு கம்பெனியில் இணையதளம் கட்டுவது அவர் வேலை. கொத்தனார் வீடு கட்டுவதுபோல் இவர் இணையதளம் கட்டுகிறார். தந்தை தங்கச் சுரங்கத் தொழிலாளி. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டபோது இவர் பள்ளிக்கூடத்துப் பையன். அதன் பிறகு தங்கவயல் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த ரெயில்தான் சுரங்கம். விடியும் முன் ஏறி, இருட்டிய பின் இறங்குகிறார்கள்.

ரெயிலில் தன்னிடம் வரும் செல்போன்கள்தான் தனக்குப் பாடம் சொன்ன வாத்தியார் என்கிறார் அவர். அந்தப் பாடத்தில் முதல் அத்தியாயம், ஒரு விதவைத் தாயின் கதை.

முனி ஒரு கட்டம், அம்மாள் ஒரு கட்டம்!

அந்த அம்மாளின் பெயர் வேறு. இங்கே முனியம்மாள் என்று வைத்துக்கொள்வோம்.

கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகு பெங்களூரில் காவலாளி. அவர் இறந்ததும் காப்பீட்டுப் பணம் வர வேண்டும். ஆபீசுக்குப் போனால், “எல்லாம் இணையதளத்தில்தான் அம்மா” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

உறவுக்காரப் பையன் ஒருவன் செல்போனில் படிவத்தைத் திறந்தான். முதல் கட்டம்: பெயர். “முனியம்மாள்” என்று போட்டான். அடுத்த கட்டம்: குடும்பப் பெயர். முனியம்மாளுக்கு ஏது குடும்பப் பெயர்? காலியாக விட்டான். சிவப்பு எழுத்து வந்தது: “இந்தக் கட்டத்தை நிரப்புக”.

கணவரின் பெயரில் முதல் எழுத்தைப் போட்டான். “குறைந்தது 2 எழுத்து வேண்டும்” என்றது. ஒரு புள்ளி வைத்துப் பார்த்தான். “பெயர் செல்லாது” என்றது.

பையன் புத்திசாலி. முதல் கட்டத்தில் “முனி” என்றும், இரண்டாவது கட்டத்தில் “அம்மாள்” என்றும் பிரித்துப் போட்டான். கம்ப்யூட்டர் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது!

மூன்று மாதம் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. காரணம்: ஆதாரில் உள்ள பெயரும் படிவத்தில் உள்ள பெயரும் பொருந்தவில்லை.

அந்த மூன்று மாதமும் அம்மாள் வட்டிக்கு வாங்கித்தான் அரிசி வாங்கினார்.

“அந்தக் கட்டத்தைக் கட்டியவன் கெட்டவன் அல்ல. என்னைப் போன்ற ஒருவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே அப்படி நாலைந்து கட்டியிருக்கிறேன். என் சொந்தப் பெயரையே அந்தக் கட்டத்தில் போட முடியாது என்பதுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை” என்கிறார் இளைஞர்.

யார் வைத்த வழக்கம்?

பெயருக்கு இரண்டு கட்டம் என்பது மேல்நாட்டார் வழக்கம். அவர்களுக்கு முன்னால் சொந்தப் பெயர், பின்னால் வம்சப் பெயர். வட இந்தியாவில் பெரும்பாலும் அப்படியே.

நமக்கு அப்படி இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும். பெயர் ஒன்றே ஒன்று. பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த சாதிப் பெயரையும் தமிழர் பலர் கழற்றிவிட்டனர். 1929-ம் ஆண்டு செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் இதற்குத் தீர்மானமே போடப்பட்டது. ஆகவே “குடும்பப் பெயர் என்ன?” என்று கம்ப்யூட்டர் கேட்கும்போது, “நீ என்ன ஆள்?” என்று கேட்பதுபோல் சிலர் காதில் விழுகிறது. அதில் தப்பும் இல்லை.

தமிழர் மட்டும் அல்ல. கன்னடத்துக்காரர்களிலும் இனிஷியல் போடுவோர் ஏராளம். தெலுங்குக்காரர்களுக்கு வீட்டுப் பெயர் முன்னால் வருகிறது. ஐஸ்லாந்து நாட்டில் பெரும்பாலோருக்கு வம்சப் பெயர் கிடையாது. “இன்னாரின் மகன்”, “இன்னாரின் மகள்” என்பதுதான் இரண்டாவது பெயர். இந்தோனேசியாவை ஆண்ட சுகர்னோவுக்கும் சுகார்த்தோவுக்கும் ஒற்றைப் பெயர்தான். ஒரு நாட்டுக்கே ஜனாதிபதியாக இருக்கலாம், இணையதளத்தில் ஒரு படிவம் நிரப்ப முடியாது!

ஜப்பானில் வசித்த அமெரிக்க கம்ப்யூட்டர் நிபுணர் பாட்ரிக் மெக்கென்சி 2010-ம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். மனிதர் பெயர்களைப் பற்றிக் கம்ப்யூட்டர்காரர்கள் கொண்டிருக்கும் 40 தவறான எண்ணங்களை அதில் அடுக்கியிருந்தார். அவருடைய பெயரே ஜப்பானியக் கம்ப்யூட்டர்கள் பலவற்றைத் திணற அடித்ததாம். பெங்களூர் இளைஞர் அந்தக் கட்டுரையைப் படித்தது, முனியம்மாள் படிவம் திரும்பி வந்த பிறகுதான்.

நம் நாட்டிலேயே ஒரு ஆவணம்போல் இன்னொன்று இல்லை. ஆதாரில் பெயருக்கு ஒரே வரி. பாஸ்போர்ட்டில் இரண்டு பகுதி. வருமான வரி இலாகாவின் பான் அட்டைக்கான 49-ஏ படிவத்தில் இனிஷியல் கூடாது, விரித்து எழுத வேண்டும் என்று இருந்தது. இந்த அட்டையையும் ஆதாரையும் இணைக்கச் சொன்னபோது பெயர் பொருந்தாமல் அலைந்தவர்கள் எத்தனை பேர் என்று ஆபீஸ் குமாஸ்தாக்களுக்குத் தெரியும். 2023-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதிக்குள் இணைக்காதவர்களின் பான் அட்டை செயல் இழந்தது. மீண்டும் உயிர் கொடுக்க ஆயிரம் ரூபாய்!

2022-ம் ஆண்டு நவம்பரில் இன்னொரு கூத்து. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் சுற்றுலா விசாவில், பார்வையாளர் விசாவில் வர முடியாது என்று ஐக்கிய அரபு எமிரேட்சில் இருந்து விமான கம்பெனிகளுக்குத் தகவல் வந்தது. துபாய்க்குப் பெட்டி கட்டிய தமிழர்கள் விழித்தார்கள்.

இதற்கு வழி இல்லையா என்றால், இருக்கிறது. இங்கிலாந்து அரசு தன் இணையதளங்களைக் கட்டுகிறவர்களுக்கு வகுத்துள்ள வழிமுறையில், கூடுமானவரை “முழுப் பெயர்” என்று ஒரே கட்டம் வைக்கச் சொல்கிறது. குடும்பப் பெயர் வழக்கம் உள்ள நாடே இப்படிச் சொல்கிறது!

தள்ளுவதா, இழுப்பதா?

“படிவத்தை நிரப்பத் தெரியாதவன் படிக்காதவன் என்று எங்கள் தொழிலில் பலர் நினைக்கிறார்கள். அது தவறு” என்று அடித்துச் சொல்கிறார் இளைஞர்.

அதற்கு அவர் காட்டும் ஆதாரம், கதவு. சில ஆபீஸ்களில் கண்ணாடிக் கதவு இருக்கும். தள்ளுவதா, இழுப்பதா என்று தெரியாது. தள்ள வேண்டிய கதவை இழுத்துவிட்டு நாம் வெட்கப்படுவோம். டொனால்ட் நார்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1988-ல் எழுதிய புத்தகத்தில், வெட்கப்பட வேண்டியவர் நாம் அல்ல, அந்தக் கதவைச் செய்தவர்தான் என்றார். இன்று கம்ப்யூட்டர் உலகில் பெரிதாகப் பேசப்படும் “யூசர் எக்ஸ்பீரியன்ஸ்”, அதாவது பயன்படுத்துகிறவரின் அனுபவம் என்ற சொல்லை 1990-களில் ஆப்பிள் கம்பெனியில் வேலை பார்த்தபோது பரப்பியவரும் அவரே.

தமிழில் வரும் இணையதளங்களிலும் இப்படிப்பட்ட கதவுகள் உண்டு.

ஒருநாள் ரெயிலில் ஒரு பெரியவர் கேட்டார்: “படிவம் எல்லாம் எழுதிட்டேன் தம்பி. கடைசியிலே ‘சமர்ப்பிக்கவும்’னு இருக்கே, யாருக்குச் சமர்ப்பிக்கறது?”

பெட்டியே சிரித்தது. இளைஞர் சிரிக்கவில்லை. கோவிலில் பூ சமர்ப்பிப்பார்கள். பணத்துக்கு எழுதும் விண்ணப்பத்தை நம் ஊரில் யார் சமர்ப்பிக்கிறார்கள்? அனுப்புவார்கள், கொடுப்பார்கள். அன்று முதல் அவர் கட்டும் பக்கங்களில் பொத்தான் மேல் “அனுப்பு” என்றுதான் இருக்கும்.

அதில் இன்னொரு லாபமும் உண்டு. இந்தப் பொத்தானுக்கு உரிய ஆங்கிலச் சொல்லுக்கு ஆறு எழுத்து. கம்ப்யூட்டருக்குள் அது பிடிக்கும் இடம் 6 பைட். தமிழில் “சமர்ப்பிக்கவும்” என்பதில் நம் கணக்குப்படி 9 எழுத்து. ஆனால் புள்ளி, கொம்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் தனித்தனிக் குறியாக எண்ணுவதால் அது 15 குறி. குறி ஒன்றுக்கு 3 பைட். ஆக 45 பைட்! ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த பொத்தானுக்குள் இது எப்படி அடங்கும்? பாதிச் சொல் வெட்டுப்பட்டு நிற்கும். பெயர்க் கட்டத்துக்கு எல்லை வைக்கும்போதும் இதே கணக்கு தெரியாமல் வைத்தால், நீளமான தமிழ்ப் பெயர் வாலறுந்து போகும்.

சுரங்கத் தொழிலாளியின் விரல்

இளைஞரின் தந்தைக்கு இரண்டு தலைவலி. ஒன்று, வெள்ளைத் தாளில் சாம்பல் நிற எழுத்து. பார்க்க நாகரிகமாக இருக்கும். படிக்க முடியாது. மற்றொன்று, சின்னஞ்சிறு பொத்தான். பாறையை உடைத்துத் தடித்த விரல். “ஆம்” என்று அழுத்தினால் பக்கத்தில் உள்ள “இல்லை” அமுங்கும்.

இதற்கெல்லாம் உலக அளவில் விதிகள் இருக்கின்றன. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு, சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக் கூடாது. பொத்தானின் அளவுக்கும் 2023-ம் ஆண்டு அக்டோபரில் குறைந்தபட்ச எல்லை வகுத்தார்கள். படிவத்துக்கு நேரக் கெடு வைத்தால், கெடு முடியும் முன் எச்சரித்து, நீட்டித்துக்கொள்ள 20 வினாடியாவது கொடுக்க வேண்டும் என்பது 2008-ம் ஆண்டிலேயே சேர்க்கப்பட்ட விதி. இந்திய அரசும் தன் இணையதளங்களுக்கு 2009-ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

விதி இருக்கிறது. ஆனால் பாதிப் படிவம் எழுதும்போது “நேரம் முடிந்தது” என்று முகத்தில் அடிக்கும் பக்கங்களுக்கும் பஞ்சம் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்துகிறவருக்கு ஐந்து நிமிடம் எந்த மூலைக்கு?

ரெயில் பெட்டியில் பரீட்சை

ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 2000-ம் ஆண்டில் ஒரு யோசனை சொன்னார். இணையதளத்தைச் சோதிக்கப் பெரிய கூட்டம் வேண்டாம். ஐந்து பேரிடம் கொடுத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்றார்.

பெரிய கம்பெனிகள் இதற்குக் குளிர்சாதன அறை வைத்திருக்கின்றன. நம் இளைஞருக்கு ரெயில் பெட்டி இருக்கிறது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண் ஒருவர், கிளார்க் ஒருவர், காவலாளி ஒருவர், மருந்துக் கடைச் சிப்பந்தி ஒருவர், ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவர். ஐந்து பேர் ஆயிற்று. புதிய பக்கம் எது கட்டினாலும் முதலில் இவர்கள் கையில்தான் கொடுக்கிறார்.

அவருடைய நிபந்தனை ஒன்றே. அவர் வாய் திறக்க மாட்டார். “இங்கே அழுத்துங்கள்” என்று சொல்லிக்கொடுத்தால் பரீட்சை கெட்டுவிடும். எதிரே இருப்பவர் தவிக்கும்போது கை பரபரக்கும். பேசாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலிலேயே கடினமான வேலை என்கிறார்.

மேலாளருடன் வாக்குவாதம்

குடும்பப் பெயர்க் கட்டத்தை எடுத்துவிடலாம் என்று இவர் சொன்னபோது கம்பெனி மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் வட நாட்டுக்காரர்.

“பின்னால் பெயரே இல்லையா? அப்படியானால் அப்பா பெயர் எங்கே போயிற்று?”

“முன்னால் ஓர் எழுத்தாக நிற்கிறது, சார்.”

மேலாளருக்கு நம்பிக்கை வரவில்லை. இளைஞர் வேறு வழியில் போனார். படிவத்தைத் தொடங்கி, அந்தக் கட்டத்தோடு விட்டுவிட்டுப் போனவர்கள் எந்தெந்த ஊர் என்று பட்டியல் எடுத்துக் காட்டினார். வேலூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர், தங்கவயல் என்று வரிசையாக வந்தது. வாடிக்கையாளர் போகிறார் என்றதும் மேலாளருக்குப் புரிந்துவிட்டது.

இப்போது அந்தப் பக்கத்தில் ஒரே கட்டம். “ஆதாரில் உள்ளபடி உங்கள் பெயர்” என்று எழுதியிருக்கிறது. இனிஷியல் போட்டாலும் எடுத்துக்கொள்ளும், புள்ளி வைத்தாலும் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் முழு வெற்றி என்று சொல்ல முடியாது. இவர்களிடம் இருந்து விவரம் போய்ச் சேரும் இன்னொரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் இன்னும் இரண்டு பெயர்தான் கேட்கிறது. ஒற்றைப் பெயர் வரும்போதெல்லாம் அதைத் தனியே எடுத்து வைத்து, ஒரு குமாஸ்தா போன் செய்து பேசி முடிக்கிறார். அந்தக் குமாஸ்தாவும் சேலத்துக்காரர். அவருக்கும் ஒற்றைப் பெயர்தான்.

முனியம்மாளுக்குப் பணம் வந்துவிட்டதா? வந்தது. இரண்டாவது முறை இளைஞரே காகிதங்களை எடுத்துக்கொண்டு ஒருநாள் விடுப்பு போட்டு நேரில் போனார். அங்கிருந்த அதிகாரி ஆதாரைப் பார்த்தார், அம்மாளைப் பார்த்தார், பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பத்து நிமிட வேலை.

இந்த வாரம் ரெயிலில் புதிய பரீட்சை நடக்கிறது. மருத்துவமனையில் முறைச் சீட்டு வாங்கும் பக்கம். நான்கு பேர் பார்த்துவிட்டார்கள். காவலாளி மட்டும் பாக்கி. அவருக்கு இந்த வாரம் இரவு முறை.